பௌத்தத்தில் கர்மா: வழக்கமாக நேரும் தவறுகள்

கர்மா, மறுபிறவி, நரகம் என்றதும் "இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதைதானே" என்று தோன்றிவிடும். பௌத்தத்தைப் படிக்கும்போது வரும் குழப்பத்தில் பாதி இந்த நினைப்பால் வருவது.

தலையாய தவறு, எல்லாவற்றையும் முன்வினை கணக்கில் எழுதுவது. ஒருவருக்குத் தீராத நோய் வந்தால், "போன ஜென்மத்தில் என்ன பாவம் பண்ணினாரோ" என்று சொல்ல நம் வீடுகளில் ஒருவராவது இருப்பார். ராஜகிருகத்து வேணுவனத்தில் மோலிய சீவகர் என்ற துறவி புத்தரிடம் இதையேதான் கேட்டார். (புத்தர் காலத்து மருத்துவர் ஜீவகர் வேறு, இவர் வேறு.) மனிதன் அனுபவிக்கும் இன்பதுன்பம் எல்லாம் முன்வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே, சரியா? புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்கினார்: பித்தம், கபம், வாதம், இவை மூன்றும் சேர்ந்த கோளாறு, பருவ மாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாதது, பிறர் தாக்குவது, கடைசியாகக் கர்மத்தின் விளைவு. எட்டில் ஒன்றுதான் கர்மா. எல்லாம் முன்வினையே என்பவர்கள் தாங்களே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்று முடித்துவிட்டார்.

இன்னொரு சூத்திரத்தில், அதாவது புத்தரின் உரை ஒன்றில், மேலும் ஒரு படி போகிறார். எல்லாம் முன்வினை என்றால், ஒருவன் இன்று கொலை செய்வதும் முன்வினையால்தான் என்று ஆகிவிடும். அப்புறம் இதைச் செய், அதைச் செய்யாதே என்று யாருக்குச் சொல்வது?

அதற்காக முன்வினை பற்றிய பேச்சே பௌத்தத்தில் இல்லை என்று சொல்வதும் பிழை. சுபன் என்ற பிராமண இளைஞனுக்குச் சொன்ன சூத்திரத்தில், குறைந்த ஆயுள், நோய், வறுமை, தாழ்ந்த பிறப்பு ஆகியவற்றுக்கு முற்பிறவிச் செயல்களே காரணமாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் எந்தச் செயல் எந்த விளைவை நோக்கி இழுக்கும் என்று சொல்வது வேறு. எதிரே நிற்கும் ஒருவரைப் பார்த்து "நீ அதைச் செய்ததால்தான் இப்படி" என்று தீர்ப்பு எழுதுவது வேறு. கர்மப் பலனைத் துல்லியமாகத் துருவிப் பார்க்க முனைபவருக்குச் சித்தம் கலங்கும் என்றே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் ஏற்ற அம்பேத்கர் முற்பிறவி வினைக் கோட்பாட்டைக் கடுமையாக மறுத்ததற்குக் காரணம் உண்டு. ஏழைமையும் சாதி இழிவும் அவரவர் வினைப்பயன் என்றாகிவிட்டால், அநியாயத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

சரி, கர்மா என்பது எது? செய்கை மட்டும் அல்ல, அதன் பின்னே உள்ள எண்ணம். "எண்ணத்தையே கர்மம் என்கிறேன்" என்பது புத்தர் வாக்கு. புத்தர் வாக்குகளின் பாட்டுத் தொகுப்பான தம்மபதத்தின் முதல் பாட்டுக்கான உரையில் சக்குபாலர் என்ற பார்வையிழந்த தேரர் (மூத்த பிக்கு) வருகிறார். இரவு மழை பெய்து ஓய்ந்த பின் அவர் நடை பயில, காலடியில் பூச்சிகள் நசுங்கிக் கிடக்கின்றன. காலையில் அதைக் கண்ட பிக்குகள் புத்தரிடம் முறையிடுகிறார்கள். அவர் கொன்றதை நீங்கள் பார்த்தீர்களா? இல்லை. நீங்கள் அவரைப் பார்க்காதது போலவே அவரும் பூச்சிகளைப் பார்க்கவில்லை என்கிறார் புத்தர். கொல்லும் எண்ணம் இல்லை, ஆகவே கொலை வினையும் இல்லை. (அதே உரை அவர் பார்வையிழந்ததற்கு முற்பிறவிக் கதை ஒன்றும் சொல்கிறது. கதை என்று வந்துவிட்டால் உரையாசிரியருக்கும் ஆசை விடாது போல.)

எண்ணம்தான் முக்கியம் என்பதில் தப்பித்துக்கொள்ள வழி இருப்பதாக நினைக்க வேண்டாம். மணிமேகலை அடுக்கும் பத்துத் தீவினைகளில் உடம்பால் வருபவை மூன்று, சொல்லால் நான்கு. வெஃகல் (பிறர் பொருளுக்கு ஆசைப்படுவது), வெகுளல் (கோபம்), பொல்லாக் காட்சி (தவறான பார்வை) ஆகிய மூன்றும் மனத்துக்குள்ளேயே நடப்பவை.

"நீ ஒரு அடி கொடுத்தால் உனக்கு ஒரு அடி விழும்" என்ற கணக்கும் இங்கே செல்லாது. ஒரு சூத்திரம் உப்பை உவமையாகச் சொல்கிறது: ஒரு உப்புக்கட்டியைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் வாயில் வைக்க முடியாது. கங்கையில் போட்டால் தெரியவே தெரியாது. அதே சிறு பாவம் ஒருவனை நரகத்துக்கு இழுக்கும், பண்பட்ட இன்னொருவனுக்கு இங்கேயே லேசாகத் தீர்ந்துபோகும். செய்ததை அப்படியே அச்சு மாறாமல் அனுபவித்தாக வேண்டும் என்றால் துறவு வாழ்க்கைக்கே அர்த்தமில்லை என்கிறது இந்தச் சூத்திரம். அரைக் காசுக்கு ஏழை சிறைக்குப் போவான், பணக்காரன் போகமாட்டான் என்றும் அதே இடத்தில் வருகிறது. ஊர் நடப்பு அன்றைக்கும் இதுதான்.

அடுத்து ஆன்மா. உடம்பை விட்டு உயிர் பறந்து வேறு உடம்பில் புகுகிறது என்ற சித்திரத்தைப் பௌத்தத்துக்குள் கொண்டுவரக் கூடாது. மீனவர் மகனான, சாதி என்ற பெயருடைய பிக்கு, ஒரே விஞ்ஞானம்தான் (அறியும் உணர்வு) பிறவி பிறவியாக ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். புத்தர் கூப்பிட்டுக் கண்டித்தார்: நான் யாருக்கு அப்படிச் சொன்னேன்? உணர்வு சார்புகளால், அதாவது வேறு காரணங்களைப் பற்றிக்கொண்டு, தோன்றுவது. சார்பு இல்லையேல் அதுவும் இல்லை. மறுபடி பிறப்பவர் அவரேயும் அல்ல, வேறொருவரும் அல்ல என்பது நாகசேனர் என்ற பிக்கு மன்னர் மிலிந்தருக்குச் சொன்ன பதில்.

சொர்க்கமும் நரகமும் நிரந்தரம் அல்ல. தேவரும் ஆயுள் முடிந்தால் கீழே வரலாம். நிர்வாணம், அதாவது பிறவியிலிருந்து விடுதலை, இவற்றுக்கு மேலே உள்ள இன்னொரு லோகம் என்று நினைப்பதும் தப்பு. இறப்புக்கும் பிறப்புக்கும் இடையே 49 நாள் வரை என்பது திபெத்திய மரபின் பேச்சு, இலங்கையில் உள்ள தேரவாதம் என்ற பௌத்த மரபு அப்படி ஓர் இடைநிலையை ஏற்பதில்லை.

அப்படியானால் இலங்கையில் ஒருவர் இறந்த ஏழாம் நாள் பிக்குகளுக்குத் தானம் தருவது எதற்கு? கிண்ணம் நிரம்பித் தட்டில் வழியும் வரை உறவினர் நீர் வார்க்க, பிக்குகள் பாலிச் செய்யுள் ஓதுவார்கள். பார்த்தால் நம் திவசம் போலத்தான் இருக்கும். ஆனால் புண்ணியம் கைமாறுவதில்லை. இறந்தவர் அந்தத் தானத்தைக் கண்டு மனம் மகிழ்வதே அவருக்கு நல்வினை ஆகிறது. சாணுசோணி என்ற பிராமணர் புத்தரிடம், நாங்கள் கொடுப்பது போய்ச் சேருமா என்று கேட்டார். பிரேத நிலையில் (பசித்து அலையும் ஆவியாக) பிறந்திருந்தால்தான் சேரும், தேவராகவோ மனிதராகவோ விலங்காகவோ பிறந்திருந்தால் சேராது என்றார் புத்தர். அவர் அங்கே இல்லையென்றால்? வேறு உறவினர் இருப்பார்கள். அவர்களும் இல்லையென்றால்? இத்தனை நெடிய சம்சாரத்தில் அங்கே உறவினர் ஒருவர்கூட இல்லாமல் இருக்க வாய்ப்பே இல்லை; தவிர, கொடுத்தவருக்கும் பலன் இல்லாமல் போகாது.