மலையில் இருந்துகொண்டே முற்போக்கு யூத ஜெப ஆலயத்தில் சேர்வது எப்படி

நீலகிரியிலும் பழனி மலையிலும் நிரந்தரமான யூத ஜெப ஆலயம் இல்லை. கொடைக்கானல் அருகே உள்ள வட்டக்கானலைக் 'குட்டி இஸ்ரேல்' என்று சொல்வது, பருவத்துக்கு வந்து தங்கும் இஸ்ரேலிய இளைஞர்களை வைத்துத்தான். அவர்களுக்கு விருந்து வைக்கும் ஹபாத் அமைப்பு பழைமை மரபைச் சேர்ந்தது. அங்கே வழிபாட்டில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே இருப்பார்கள். முற்போக்குச் சபை வேறு. ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காருவார்கள், பெண்கள் தோரா (யூத வேத நூல்) வாசிப்பார்கள், ரப்பியாகவும் (யூத மத குரு) இருப்பார்கள். துணைவர் வேற்று மதத்தவர் என்பதற்காக யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தைப் போய்ப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் முற்போக்குச் சபை தேடுகிறவருக்கு உரிய இடம் அது அல்ல.

இந்தியாவில் முற்போக்கு யூத மரபின் வீடு மும்பைதான். மருத்துவர் ஜெருஷா ஜிராத் 1925-இல் அங்கே 'ஜூயிஷ் ரிலிஜியஸ் யூனியன்' தொடங்க முன்னின்றார். உலக முற்போக்கு யூத ஒன்றியம் 1926-இல் லண்டனில் உருவானது. எந்தச் சபையை அணுகினாலும் இந்த ஒன்றியத்தின் உறுப்பினர் பட்டியலில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'மெசியானிக் யூதர்' என்ற பெயரில் நடக்கும் கூட்டங்களோடு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அவை இயேசுவை மேசியாவாக ஏற்பவை; முற்போக்குச் சபை அப்படி அல்ல. அந்த நம்பிக்கை உங்களுக்கு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விருந்தினராக வரவேற்பார்கள், உறுப்பினராகச் சேர்க்க மாட்டார்கள்.

பெரும்பாலோர் செய்யும் தவறு, உறுப்பினர் படிவத்திலிருந்து தொடங்குவது. படிவம் கடைசியில் வரவேண்டியது. முதலில் உங்கள் வீட்டுச் சமையலறை, பிறகு கணினித் திரை, அதன்பின் பயணம்.

யூதர்களின் ஓய்வுநாளான சபத்து வெள்ளி மாலை தொடங்குகிறது. அன்று சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பு இரண்டு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். கொடைக்கானலில் சூரிய மறைவு ஆண்டு முழுக்க ஏறத்தாழ 5.55-க்கும் 6.45-க்கும் இடையில் வரும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பள்ளத்தாக்கு வீடுகளில் 5 மணிக்கே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும், பனிமூட்டம் இருந்தால் அதுவும் தெரியாது. நாட்காட்டி நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

சபத்தை வரவேற்று ஆசீர்வாதம் சொல்லும் கிண்ணத்தில் திராட்சை ரசம்தான் வேண்டும். ஆசீர்வாதமே 'திராட்சைக் கொடியின் கனி' என்று சொல்கிறது. மலை வீடுகளில் போடும் பிளம் ஒயின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதற்கு ஆகாது. மது வேண்டாதவர்கள் 1 கிலோ பன்னீர் திராட்சையைக் கழுவி, மசித்து, தண்ணீர் சேர்க்காமல் 10 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் போதும்.

ஹல்லா என்ற சபத்து ரொட்டிக்கு 500 கிராம் மைதா, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 50 கிராம் சர்க்கரை, 8 கிராம் உப்பு, 2 முட்டை, 60 மி.லி. எண்ணெய், சுமார் 170 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர். பத்து நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். சமவெளியில் ஒன்றரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும் மாவு ஊட்டிக் குளிரில் மூன்று மணி நேரம்கூட எடுக்கும். அவசரப்பட்டுச் சுட்டால் உள்ளே கல்லாக இருக்கும். அணைத்து வைத்த ஓவனுக்குள் மாவை ஒரு பாத்திரம் வெந்நீரோடு வையுங்கள். இரண்டு பின்னல் ரொட்டிகளாகப் பின்னி, இன்னொரு முறை உப்பவிட்டு, 180 டிகிரியில் 30 நிமிடம். வெண்ணெய் சேர்க்காதீர்கள், இறைச்சி உணவோடு பால் பொருள் சேரக்கூடாது என்பது மரபு. எண்ணெய் ரொட்டி எந்தச் சாப்பாட்டுக்கும் பொருந்தும்.

வழிபாட்டைப் பழகுவதற்குத் தமிழர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. வெள்ளி மாலை வழிபாட்டின் முதல் பகுதி பெரும்பாலும் சங்கீதங்கள்: 95 முதல் 99 வரை, 29, பிறகு 92, 93. இவை எல்லாம் தமிழ் பைபிளில் அப்படியே உள்ளன. யூதர்களின் முதன்மை ஜெபமான 'ஷெமா' என்பது உபாகமம் 6:4. முன்கூட்டி இவற்றைத் தமிழில் படித்துவிட்டால் எபிரேயப் பாட்டின் நடுவே தொலைந்துபோக மாட்டீர்கள். ஒன்று கவனியுங்கள்: சங்கீதத்தின் தலைப்பை எபிரேயத்தில் பெரும்பாலும் முதல் வசனமாக எண்ணுவார்கள். அதனால் தமிழில் 92:1 என்பது அங்கே 92:2.

இனி திரை வழி. பல முற்போக்குச் சபைகள் வழிபாட்டை இணையத்தில் ஒளிபரப்புகின்றன. மெல்போர்னில் மாலை 6.30 என்றால் நமக்குப் பிற்பகல் 2 மணி, அங்கே கோடை நேரம் நடக்கும் மாதங்களில் 1 மணி. லண்டன் 6.30 நமக்கு இரவு 11 அல்லது 12. நியூயார்க் 6.30 என்றால் சனி விடியற்காலை 4 அல்லது 5. விழித்திருக்கக்கூடிய நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நான்கு வாரம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஐந்தாவது வாரம் விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. எட்டு, பத்து வாரம் ஒரே சபையில் தொடர்ந்து இருந்தால் உங்கள் முகம் அங்கே தெரிந்த முகமாகிவிடும். மழைக்காலத்தில் இணைப்பு அறுந்தால் அடுத்த வாரம் ஒரு வரி எழுதிச் சொல்லுங்கள். வராதவரைத் தேடுகிற சபைகள்தான் இவை.

நேரில் போக விரும்பினால் செயலாளருக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே எழுதுங்கள். பெயர், ஊர், ஏன் வருகிறீர்கள், எந்த வெள்ளி என்ற நான்கும் போதும். அடையாள அட்டை நகல் கேட்டால் வருத்தப்படாதீர்கள். 2008 நவம்பரில் மும்பை நரிமன் ஹவுஸ் என்ற ஹபாத் மையத்தில் நடந்த கொலைகளுக்குப் பிறகு இந்தக் கண்டிப்பு வந்தது. சொல்லாமல் பெரிய பையோடு போய் நின்றால் திருப்பி அனுப்பப்படலாம். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து மீண்டும் எழுதுங்கள். செப்டம்பர், அக்டோபரில் பண்டிகைகள் அடுத்தடுத்து வரும். செயலாளர்கள் பலர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். முதல் வருகைக்குப் பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் வேண்டாம். நாள் முழுக்க நோன்பும் நீண்ட வழிபாடும் புதியவரைத் திணறடிக்கும். சாதாரண வெள்ளிக்கிழமையே நல்லது. கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் மும்பைக்கு ஒன்றரை நாள் பிடிக்கும்; வியாழனே போய்ச் சேருங்கள்.

உள்ளே போனதும் போனை அணைத்துவிடுங்கள், படம் எடுக்காதீர்கள். வாசலில் கிப்பா (தலையில் வைக்கும் சிறு குல்லா) இருக்கும், வாங்கி அணியலாம். ஜெபப் புத்தகத்தை வலமிருந்து இடமாகப் படிப்பார்கள். தோராச் சுருள் இருக்கும் பேழை திறந்ததும் எல்லோரும் எழுவார்கள், நீங்களும் எழுந்தால் போதும். கையில் ஏதாவது கொண்டுபோக விரும்பினால் மலைப் பழங்கள் கொண்டுபோங்கள். வீட்டில் சமைத்ததைக் கொண்டுபோவதானால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சபைக்கு வந்துபோக மதம் மாற வேண்டியதில்லை. இதை அழுத்திச் சொல்கிறோம். மாற விரும்பினால் பொதுவாக ஓராண்டாவது, அதாவது பண்டிகைச் சுழற்சி ஒன்று முழுக்க, ரப்பியிடம் படிக்க வேண்டும். பிறகு மூவர் அடங்கிய பேத் தின் (யூத மத நீதிமன்றம்) முன் உரையாடல், மிக்வே என்ற சடங்குக் குளத்தில் முழுக்கு. ஆண்களுக்கு விருத்தசேதனம் பற்றிச் சபைக்குச் சபை நடைமுறை வேறுபடும், முதலிலேயே கேளுங்கள். பணம் கட்டினால் ஒரு மாதத்தில் சான்றிதழ் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். முற்போக்கு மரபில் மாறியவரைப் பழைமை மரபினர் யூதராக ஏற்பதில்லை என்பதையும் தெரிந்தே இறங்குங்கள்.

சட்டத்தையும் பாருங்கள். இந்து, சீக்கிய, பௌத்த மதங்களுக்கு வெளியே போனால் பட்டியல் சாதித் தகுதி போய்விடும். 1950-ஆம் ஆண்டு ஆணை அப்படி. பழங்குடித் தகுதியை மதம் மட்டும் வைத்துத் தீர்மானிப்பதில்லை. இந்துவாக இருந்து மாறியவரின் வாரிசுரிமை அதனால் போகாது. ஆனால் மாறிய பின் பிறக்கும் பிள்ளைகள், வாரிசுரிமை திறக்கும் நேரத்தில், அதாவது அந்த உறவினர் இறக்கும்போது, இந்துவாக இல்லாவிட்டால், இந்து உறவினரின் சொத்தில் உரிமை கோர முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவைப் பாருங்கள். ரப்பியைப் பார்ப்பதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

இப்போது படிவம். சந்தா அதிகமாகத் தெரிந்தால் கூச்சப்படாமல் குறைக்கக் கேளுங்கள். பல முற்போக்குச் சபைகள் வருமானத்துக்கு ஏற்ப வாங்குகின்றன. எபிரேயப் பெயர் கேட்கும் இடத்தில், மதம் மாறாதவர்கள் ஒன்றும் எழுத வேண்டாம். மாறியவர்கள் தேர்ந்தெடுத்த பெயரோடு 'ஆபிரகாம், சாராளின் மகன்' அல்லது 'மகள்' என்று சேர்த்து எழுதுவார்கள். அது தோரா வாசிக்க அழைக்கும்போது சொல்லும் பெயர். ஆதாரில் உள்ள பெயர் அப்படியே இருக்கலாம்.