காசில்லா நாடகத்தின் ஒத்திகை: எங்கே கோட்டை விடுகிறோம்?

சம்பளம் கொடுக்காத நாடகக் குழுவில் இயக்குநருக்கு இருக்கும் ஒரே மூலதனம் நடிகர்களின் நேரம்தான். பகலெல்லாம் ஆபீஸ், கல்லூரி என்று அலைந்துவிட்டு அம்பத்தூரிலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் 7 மணிக்கு வந்து சேர்பவரை எட்டரை வரை சும்மா உட்கார வைத்தால், அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல் வரும். நிஜக் காய்ச்சலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆனாலும் பெரும்பாலான இயக்குநர்கள் எல்லாரையும் எல்லா நாளும் கூப்பிடுகிறார்கள். குழு ஒற்றுமை வளரும் என்பது சொல்லும் காரணம். அட்டவணை போடச் சோம்பல் என்பது நிஜக் காரணம். எந்தக் காட்சியில் யார் யார் என்று ஒரு தாளில் கட்டம் போட்டுப் பாருங்கள். போலீஸ்காரராக வருபவர் இரண்டாம் காட்சிக்கும் கடைசிக் காட்சிக்கும் மட்டும் வந்தால் போதும் என்பது அப்போதே தெரிந்துவிடும். வேடம் கொடுப்பதற்கு முன்பே யாருக்குப் பரீட்சை, யாருக்கு நைட் ஷிஃப்ட், யார் வீட்டில் கல்யாணம் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதும் இதில் சேர்த்தி.

அடுத்தது பேச்சு. நாடகப் பிரதியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து வாரக்கணக்கில் அலசுவது நவீன நாடகக்காரர்களின் குலநோய். இரண்டு மூன்று வாசிப்புக்குப் பிறகு எழுந்து நின்றுவிட வேண்டும். பேச்சு நீள நீள மனப்பாடம் தள்ளிப்போகும். கையில் பேப்பர் இருக்கும்வரை நடிகருக்கு ஒரு கை இல்லை, கண்ணும் எதிரே நிற்பவரிடம் இல்லை. முதல் மூன்று காட்சிக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையோடு பேப்பர் கிடையாது என்று தேதி சொல்லிவிடுங்கள். மறந்தால் அடி எடுத்துக் கொடுக்க ஓரத்தில் ஒருவர் பிரதியோடு உட்கார்ந்தால் போதும்.

இடத்தில்தான் நிறையக் கோட்டை விடுகிறோம். இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடி. சரி, கொசுவைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நாடகம் போடப்போகும் மேடையை டேப் வைத்து அளக்காமல் ஒத்திகை தொடங்கக் கூடாது. மேடை 24 அடி அகலம், மாடியில் கிடைப்பது 16 அடி என்றால், நாலு எட்டில் முடிந்த நடை மேடையில் ஆறு எட்டாகும்; வசனம் முடிந்த பிறகும் நடிகர் நடந்துகொண்டிருப்பார். சாக்பீஸால் எல்லையைப் போடுங்கள். வாசல் வரும் இடத்தில் இரண்டு நாற்காலி வையுங்கள். இடம் போதாவிட்டால் பாதி மேடையை மட்டும் கோடு போட்டு, அந்தப் பாதியில் நடப்பதை மட்டும் பாருங்கள்.

மாடியின் இன்னொரு தொல்லை குரல். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து மெல்லப் பேசிப் பழகிய நடிகர், மைக் இல்லாத அரங்கில் மூன்றாம் வரிசையைத் தாண்ட மாட்டார். வாரத்தில் ஒரு நாளாவது மைதானத்துக்குப் போய், இயக்குநர் 40 அடி தள்ளி நின்று கேட்க வேண்டும். கடற்கரை வேண்டாம். அலையோடும் காற்றோடும் போட்டி போட்டுத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

செட் வந்ததும் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் விலை உண்டு. 1980இல் வங்காள நாடகக்காரர் பாதல் சர்க்கார் சென்னைக்கு வந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் நாடகப் பட்டறை நடத்தினார். செட்டும் விளக்கும் ஜோடனையும் இல்லாமல், நடிகரின் உடம்பையும் சுற்றி உட்கார்ந்திருக்கும் பார்வையாளர்களையும் வைத்தே நாடகம் போடலாம் என்பது அவருடைய வழி. காசில்லாதவர்கள் முதல் நாளே அந்த முடிவை எடுத்துவிடுவது நல்லது. மாடிப்படி செட் கட்டாயம் வேண்டுமென்றால், ஒத்திகைக்கே அதே உயரத்தில் ஒரு ஸ்டூலாவது வேண்டும். உடையும் அப்படித்தான். ஜீன்ஸில் பழகிய பெண் மேடையில் கண்டாங்கிச் சேலையோடு தரையில் உட்கார்ந்து எழும்போது, வசனத்தின் வேகமே மாறிவிடும்.

நடித்துக் காட்டுவதைக் குறையுங்கள். கூத்தில் வாத்தியார் ஆடிக் காட்டித்தான் சொல்லிக்கொடுப்பார். ஆனால் அங்கே கற்பவர் பல வருஷம் கூடவே இருந்து அதைத் தனதாக்கிக்கொள்கிறார். இரண்டு மாத ஒத்திகையில் அதற்கு ஏது நேரம்? மேடையில் ஆறு பேர் இயக்குநரின் குரலில் பேசுவதுதான் மிச்சம். ‘கடன் கேட்க வந்திருக்கிறாய், ஆனால் கேட்டுவிடக் கூடாது’ என்று ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

டீ, சுண்டல் செலவைக் குழுவில் பங்கு போடலாம். மாணவர்களிடம் வாங்க வேண்டாம். 9 மணிக்கு மேல் இழுக்காதீர்கள். பெண்கள் எப்படி வீடு போய்ச் சேர்வார்கள் என்பதை ஒத்திகை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அரங்கு ஒரே நாள்தான் கிடைக்கும். அன்று புதிதாக எதையும் மாற்றக் கூடாது, மாற்ற ஆசை வரும் என்றாலும். முதலில் நடிகர்கள் இல்லாமல் விளக்குகளைத் திருப்பி வையுங்கள். பிறகு விளக்கோ இசையோ மாறும் இடங்களை மட்டும், முன்னால் இரண்டு வரி பின்னால் இரண்டு வரி சொல்லவைத்துத் தாவித் தாவிப் போங்கள். விளக்கு மாற்றுபவர் பிரதியில் பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும். நேரம் மிஞ்சினால் முழு ஓட்டம். மிஞ்சாவிட்டால், முழு ஓட்டத்தை முந்தின நாள் மாடியிலேயே உடையோடு முடித்திருக்க வேண்டும்.