ரேட் போர்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் கணக்கைப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் போனால், பணம் அனுப்பும் கடைகளில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும், ஒரு வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, எத்தனை ரூபாய் என்று போர்டில் ஓடும் ரேட்டில்தான் எல்லோர் கண்ணும் இருக்கும். பத்து பைசா கூடக் கிடைக்கும் என்று அடுத்த தெருவுக்கு நடப்பவர்களும் உண்டு. நானும் அப்படி நடந்தவன்தான். ஆனால் ரேட்டில் நான் விட்டதைவிட, கணக்கைச் சரியாக வைக்காமல் விட்டதுதான் அதிகம்.

ஒர்க் பர்மிட் என்ற வேலை அனுமதியில் வருபவர்களுக்குப் பெரும்பாலும் கம்பெனியே சம்பளக் கணக்கு திறந்து கொடுத்துவிடும். அதற்கு மேல்நிலை வேலை அனுமதிகளான எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்றால் பாஸ்போர்ட், பாஸ் அட்டை, முகவரிச் சான்று வைத்து நீங்களே திறக்கலாம். அரசின் டிஜிட்டல் அடையாளமான சிங்பாஸ் இருந்தால் பல வங்கிகளில் போனிலேயே வேலை முடிந்துவிடும். மாத இருப்பு எவ்வளவுக்குக் கீழே போனால் கட்டணம் பிடிப்பார்கள் என்று அப்போதே கேட்டுவிடுங்கள், சம்பளத்தை மொத்தமாக ஊருக்கு அனுப்பிவிடும் நம்மைப் போன்றவர்கள்தான் அதில் மாட்டுவோம். கணக்கில் 1,00,000 வெள்ளி வரை வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு, நம் பணத்துக்கு அது தாராளம்.

கார்டும் பின் நம்பரும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். "நானே எடுத்துத் தர்றேன் தம்பி" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும் 14 நாளுக்குள் ஓவர்டைம் காசும் வர வேண்டும் என்பது இங்கே சட்டம், வந்ததா இல்லையா என்று பார்க்கக் கணக்கு உங்களிடம் இருந்தால்தானே முடியும்? அதேபோல "உன் கணக்கை ரெண்டு வாரம் கொடு, சில நூறு வெள்ளி தர்றேன்" என்று ஒருவன் வந்தால், மோசடிப் பணத்தை உங்கள் பெயரில் ஓட்டப் பார்க்கிறான் என்று அர்த்தம். போலீஸ் வரும்போது அவன் இருக்க மாட்டான், நீங்கள்தான் இருப்பீர்கள். சந்தேகமாக ஏதாவது வந்தால் மோசடி உதவி எண்ணான 1799க்கு அடித்துக் கேளுங்கள்.

சரி, ஊருக்கு அனுப்பும் கதைக்கு வருவோம். ஒரு கடையில் ரேட் 65.30, கட்டணம் 6 வெள்ளி. இன்னொன்றில் ரேட் 65, கட்டணமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 வெள்ளி கொண்டுபோனால் முதல் கடையில் அனுப்பினால் 32,258 ரூபாய் சேரும், இரண்டாவதில் 32,500. ரேட் குறைந்த கடைதான் லாபம்! அதே 2,000 வெள்ளி என்றால் கணக்கு தலைகீழ், முதல் கடையில் 208 ரூபாய் அதிகம். அதனால் "ரேட் என்ன" என்று கேட்காமல், "இந்தக் காசைக் கொடுத்தால் ஊரில் எவ்வளவு ஏறும்" என்று கேளுங்கள். வங்கி ஆப், கடை, வைஸ் மாதிரி ஆன்லைனில் பணம் அனுப்பும் சேவை எதுவானாலும் இதே கேள்விதான். அப்பாவுக்கு மருந்து வாங்க அவசரமாகச் சின்னத் தொகை என்றால், 2023 பிப்ரவரியில் இங்கே போனில் பணம் அனுப்பும் பேநவ்வையும் ஊரில் உள்ள யுபிஐயையும் இணைத்த வசதி இருக்கிறது, நொடியில் போய்விடும். இரண்டு பக்க வங்கியும் அதில் சேர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உண்டியல், அதாவது உரிமம் இல்லாத ஆள் மூலம் பணம் அனுப்புவது, மட்டும் வேண்டாம். பணம் போய்ச் சேராவிட்டால் யாரிடம் போய்ப் புகார் சொல்வீர்கள்? அது இங்கேயும் குற்றம், அங்கேயும் குற்றம்.

நான் சறுக்கியது அடுத்த விஷயத்தில். வேலைக்காக வெளிநாடு போய்விட்டால் ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவர்களின் உள்ளூர் வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும் என்பது விதி. நான் நாலு வருடம் மாற்றாமல், சம்பாதித்ததையெல்லாம் அதிலேயே கொட்டி, டெபாசிட்டும் போட்டு, அந்த வட்டிக்கு வரியும் கட்டிக்கொண்டிருந்தேன். இங்கிருந்து அனுப்புவதை, வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கான என்ஆர்இ கணக்கில் போட்டிருந்தால் வட்டிக்கு இந்தியாவில் வரியே கிடையாது, வேண்டும்போது பணத்தைத் திரும்ப இங்கே கொண்டுவரவும் தடையில்லை. ஊரில் வரும் வாடகை, விளைச்சல் காசுக்கு என்ஆர்ஓ. அதன் வட்டியில் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்துக்கொள்வார்கள், அதனால் அங்கே பெரிய தொகையைத் தூங்க விடாதீர்கள்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் உரிமம் உள்ள இடத்தில் மட்டும். அங்கேயே மாதம் 4 சதவீதம் வரை வட்டி வாங்கலாம், யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஊருக்கே திரும்பும்போது. வரி கணக்கு முடியும்வரை கம்பெனி கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைக்கும். அது வருவதற்குள் கணக்கை மூடிவிடாதீர்கள். என் ரூமில் இருந்த அண்ணன் ஒருவர் கிளம்புவதற்கு முந்தின நாள் பழைய போனை விற்றுவிட்டு, சிம்மை எங்களிடம் கொடுத்துவிட்டு திருச்சிக்குப் பறந்துவிட்டார். மூன்று வாரம் கழித்துப் பணம் ஏறியது, ஆனால் வங்கி ஆப்பில் நம்மை உறுதிசெய்யும் டோக்கன் விற்ற போனோடு போயிருந்தது, கார்டில் வெளிநாட்டு ஏடிஎம் வசதியையும் திறந்துவைக்கவில்லை. அதன் பிறகு எங்கள் ரூமில் யார் கிளம்பினாலும், பெட்டி கட்டும்போதே "கார்டைத் திறந்துட்டியா, சிம் எங்கே?" என்று கேட்டுவிடுவோம்.