ஆடிக்காத்துக்குப் பறக்காத திரைச்சீலை

பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ஜன்னல் திரையை மின்விசிறி வரைக்கும் தூக்கிடும். தைக்கக் கொடுக்கும்போதே இதைக் கவனிச்சுடுங்க.

4 அடி ஜன்னலுக்கு ராடு 5 அடி இருக்கட்டும், பக்கத்துக்கு அரையடி கூட. துணி அகலம் ராடைப் போல இரண்டு மடங்கு வேணும். 48 அங்குலத் துணின்னா மூணு துண்டு. ஒரு பக்கத்துக்கு ஒண்ணரை. இரண்டே துண்டுல முடிச்சா மடிப்பு விழாது, போர்வை காயப்போட்ட மாதிரி தொங்கும்.

7 அடி உயரத் திரைக்கு மேல் மடிப்பு 4 அங்குலம், கீழே இரட்டை மடிப்புக்கு 8. ஆக 8 அடி. சென்னிமலை, கரூர் பருத்தித் துணி எடுத்தா துண்டுக்கு எட்டரை அடியா வாங்கி, ஒரு ராத்திரி தண்ணியில ஊறவெச்சு, காயவெச்சு, இஸ்திரி போட்ட பிறகு வெட்டச் சொல்லுங்க. இல்லேன்னா முதல் சலவையிலேயே மூணு நாலு அங்குலம் ஏறிக்கும்.

கீழ் மடிப்பின் இரண்டு மூலையிலும், ஒவ்வொரு இணைப்புத் தையலிலும் திரை பறக்காம இருக்கக் கனத்துக்கு ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷரை (நடுவுல ஓட்டை உள்ள வட்டத் தகடு) சின்னத் துணிப்பையில் போட்டுத் தைக்கணும். சாதா இரும்பு வாஷர் வேண்டவே வேண்டாம். துருக்கறை எந்தச் சோப்புக்கும் போகாது.