பயாப்சி அறிக்கையில் செல் பிரிதலின் கணக்கை வாசிப்பது எப்படி?

மார்பகக் கட்டிக்கான பயாப்சி அறிக்கை கைக்கு வந்ததும் பலரும் கடைசி வரியைத்தான் தேடுகிறார்கள். செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, ஏன் கட்டுப்பாட்டை மீறின என்பதற்கான தடயங்கள் வேறு வரிகளில் இருக்கின்றன.

முதலில் கேஐ-67 என்ற வரியைப் பாருங்கள். ஜெர்மனியின் கீல் நகரில் கண்டறியப்பட்டதால் அப்பெயர் பெற்ற இந்தப் புரதம், பிரிதல் சுழற்சியில் இருக்கும் செல்லின் உட்கருவில் காணப்படும். ஓய்வு நிலைக்குப் போய்விட்ட செல்லில் இராது. சாயமேற்றிய திசுவை நுண்ணோக்கியில் வைத்து, இந்தப் புரதம் இருப்பதால் பழுப்பாக மாறிய உட்கருக்களையும் நீலமாகவே நின்றுவிட்டவற்றையும் நோயியல் மருத்துவர் எண்ணுகிறார்; 100 புற்றுசெல்களில் 30 பழுப்பு என்றால் 30%. எண்ணுபவரையும் எண்ணும் இடத்தையும் பொறுத்து இது சற்று மாறும் என்பதால், 18-க்கும் 21-க்கும் உள்ள வேறுபாட்டுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது ஹெர்2. இது செல்லின் மேற்பரப்பில் நின்று வளர்ச்சிச் சமிக்ஞையைக் கடத்தும் ஏற்பி. இதன் மரபணு பல நகல்களாகப் பெருகிவிட்டால், பிரியச் சொல்லும் கட்டளை ஓயாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இதற்கும் சாயமேற்றி, அது ஏறிய அளவைப் பொறுத்து 0 முதல் 3+ வரை மதிப்பிடுகிறார்கள். 3+ என்றால் பாசிட்டிவ், அதாவது ஹெர்2 மிகுதி. 0, 1+ நெகட்டிவ். 2+ என்றால் முடிவு தெளிவில்லை, மரபணுவின் நகல்களை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை தேவைப்படும்.

சில அறிக்கைகளில் பி53 என்பதும் இருக்கும். டிஎன்ஏ சேதமடைந்த செல்லைப் பிரியவிடாமல் நிறுத்துவதும், பழுது தீராவிட்டால் அதைச் சாகச் செய்வதும் இந்தப் புரதத்தின் வேலை. ஆகவே சாயம் அழுத்தமாக ஏறியிருந்தால் காவல் பலமாக இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் நேரெதிர்தான் உண்மை. பழுதடைந்த பி53 சிதையாமல் தேங்குவதால்தான் அது அவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது. சாயம் சிறிதும் ஏறாமல் போவதும் பழுதின் அடையாளமாக இருக்கலாம்.