ஹோஸ்டிங் வாங்கும்போது விலையை நாலாவதாகக் கேளுங்கள்

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு மொத்த வியாபாரம் செய்பவர், இளம்பிள்ளையில் சேலைக் கடை வைத்திருப்பவர், ஏற்காட்டில் நாலு ரூம் ஹோம்ஸ்டே நடத்துபவர் என யாராக இருந்தாலும் ஹோஸ்டிங் (சர்வர் என்கிற, எப்போதும் ஓடும் கம்ப்யூட்டரில் வெப்சைட்டுக்காக வாடகைக்கு எடுக்கும் இடம்) என்றதும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்? நியாயமான கேள்விதான், ஆனால் அதை நாலாவதாகக் கேட்டால் போதும். சர்வர் படுத்துவிட்டால் யார் எழுப்புவார்கள், எவ்வளவு நேரத்தில், எதை வைத்து என்பதை முதலில் கேளுங்கள். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் வரை விலை குறைந்த ஹோஸ்டிங்குக்கும் கூடியதற்கும் பெரிதாக வித்தியாசம் தெரியாது. ஏதாவது உடைகிற அன்றைக்குத்தான் தெரியும், அன்றைக்குத் தெரிந்து பிரயோஜனம் இல்லை. அதனால் பணம் கட்டும் முன்பே உடைத்துப் பார்த்துவிட வேண்டும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. உங்கள் டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயர், யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வெப்சைட் போட்டுத் தருகிற தம்பிகள் டொமைன், ஹோஸ்டிங், டிசைன் எல்லாவற்றையும் ஒரே பில்லில் பேசி, தங்கள் கணக்கிலேயே பதிந்துவிடுவது நம்ம ஊரில் சகஜம். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வேலை சீக்கிரம் முடியும் என்றுதான். ஆனால் அந்தத் தம்பிக்கு பெங்களூரில் வேலை கிடைத்து நம்பரை மாற்றிக்கொண்டு போய்விட்டால் உங்கள் கடைப் பெயர் உங்கள் கையில் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு சேலை வியாபாரிக்கு, புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில் அத்தனையும் அவர் கண்ணிலேயே படாத ஐடிக்குப் போய்க்கொண்டிருந்தது. டொமைன் காலாவதியாகி வேறு யாரோ எடுத்து, அதில் சூதாட்ட விளம்பரம் ஓட ஆரம்பித்த பிறகுதான் வாடிக்கையாளர் ஒருவர் போன் பண்ணிச் சொன்னார். டொமைன் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மொபைல் எண்ணில் இருக்கட்டும். அதற்குக் கொடுக்கும் மெயில் முகவரி அதே டொமைனில் இருக்கக் கூடாது, ஏனென்றால் டொமைன் போனால் அதை மீட்க வேண்டிய மெயிலும் கூடவே போய்விடும். முடிந்தால் டொமைனை ஒரு நிறுவனத்திலும் ஹோஸ்டிங்கை வேறு நிறுவனத்திலும் வையுங்கள். ஹோஸ்டிங்காரரோடு ஒத்துவரவில்லை என்றால் டிஎன்எஸ்ஸை (டொமைன் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவை) மட்டும் திருப்பிவிட்டுக் கிளம்பிவிடலாம்.

சரி, எந்த அளவு சர்வர்? பொருள் படங்கள், விலைப் பட்டியல், ஒரு வாட்ஸ்அப் பட்டன், இவ்வளவுதான் என்றால் ஷேர்டு ஹோஸ்டிங் போதும். ஒரே மெஷினில் நூற்றுக்கணக்கான சைட் இருக்கும் என்பதால், கணக்குகளைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறார்களா (அப்படிப் பிரிக்கிற கிளவுட்லினக்ஸ் மாதிரி சாஃப்ட்வேர் ஏதாவது போட்டிருக்கிறார்களா) என்று மட்டும் கேளுங்கள், இல்லையென்றால் பக்கத்து சைட்டுக்கு வரும் கூட்டமும் வைரஸும் உங்களையும் சேர்த்து இழுக்கும். 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தால் நிபந்தனைப் பக்கத்தில் ஐநோடு என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். அது ஃபைல்களின் எண்ணிக்கைக்கான வரம்பு. பெரும்பாலும் ஒவ்வொரு மெயிலும் ஒரு ஃபைலாகக் கணக்காகும். ஆர்டர், புக்கிங், லாகின் எல்லாம் இருந்தால் விபிஎஸ், அதாவது ஒரு பெரிய மெஷினில் உங்களுக்கென்று தனியாகப் பிரித்துக் கொடுக்கும் சர்வர். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: பார்த்தவுடன் மலிவாகத் தெரிகிற விபிஎஸ் பெரும்பாலும் 'அன்மேனேஜ்டு', அதாவது வெறும் மெஷினைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். அப்டேட் போடுவது, ஃபயர்வால் கட்டுவது எல்லாம் உங்கள் தலையில். லினக்ஸ் (பெரும்பாலான சர்வர்களில் ஓடும் இயங்குதளம்) தெரிந்த ஆள் கூடவே இல்லையென்றால் கூடுதல் காசு கொடுத்து மேனேஜ்டு வாங்குங்கள். சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் வகைக்கான அப்டேட் 2024 ஜூன் 30-ஓடு நின்றுபோனது, பல வெப்சைட்டுகள் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்புக்கு 2022 நவம்பரிலேயே நின்றது. இவற்றை இன்னும் ஓட்டும் இடமாக இருந்தால், பாதுகாப்பு பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) யார் போடுகிறார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கடையைப் பாருங்கள்.

சர்வர் சேலத்தில் இருக்க வேண்டியதில்லை, இந்தியாவில் இருந்தால் போதும். அமேசானுக்கு மும்பையில் 2016 முதலும் ஹைதராபாத்தில் 2022 முதலும் இருக்கிறது, மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலும் புனேயிலும், கூகுளுக்கு மும்பையிலும் டெல்லியிலும், டிஜிட்டல் ஓஷனுக்கு பெங்களூரிலும் உண்டு. அமெரிக்க சர்வருக்கு இங்கிருந்து ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்பவே 200 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும், ஒரு பக்கம் திறக்க இப்படிப் பல தடவை போய்வர வேண்டும். கடை கம்ப்யூட்டரில் பிங் (போய்வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் நடுவில் சிடிஎன் (சைட்டின் நகலைப் பக்கத்திலிருக்கும் வேறு சர்வரிலிருந்து தரும் சேவை) இருந்தால் பிங் அதைத்தான் காட்டும், சர்வரை அல்ல. இன்னொன்று, உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால், கணினியில் வைக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டிலிருந்து கம்பெனிகள் சட்ட விதியே சொல்கிறது. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

'99.9 சதவீதம் அப்டைம்' (சர்வர் நிற்காமல் ஓடும் நேரம்) என்பதில் மயங்க வேண்டாம். கணக்குப் போட்டால் மாதத்துக்கு 43 நிமிடம் நிற்கலாம் என்று அர்த்தம், 99 சதவீதம் என்றால் ஏழு மணி நேரத்துக்கும் மேல். முன்னறிவிப்போடு செய்யும் பராமரிப்பு பெரும்பாலும் இந்தக் கணக்கில் சேராது. மீறினாலும் தருவது அடுத்த பில்லில் கொஞ்சம் கழிவு மட்டும்தான், மே மாதக் கோடை விழா வாரத்தில் ஏற்காட்டுக்காரருக்குத் தவறிப்போன புக்கிங்குக்கு யாரும் நஷ்ட ஈடு தரப்போவதில்லை. இந்த எண்ணைவிட, அவர்களுடைய ஸ்டேட்டஸ் பக்கத்தில் பழைய கோளாறுகளை எப்படி எழுதி வைத்திருக்கிறார்கள் என்று படிப்பது மேல். என்ன உடைந்தது, எப்போது சரியானது, ஏன் என்று எழுதியிருந்தால் நம்பலாம். வருஷம் முழுக்க ஒரு கோளாறுகூட இல்லாத பக்கத்தை நான் நம்புவதில்லை.

இப்போது பேக்கப். எந்த ஹோஸ்டிங் கம்பெனியைக் கேட்டாலும் "டெய்லி பேக்கப் எடுக்கறோமுங்க சார்" என்றுதான் சொல்வார்கள். எடுப்பது உண்மையாகவே இருக்கலாம், எங்கே வைக்கிறார்கள் என்பதுதான் விஷயம். 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று தீப்பிடித்து ஒரு கட்டடமே அழிந்தது. பேக்கப்புக்கென்று தனியாகக் காசு கட்டியிருந்த வாடிக்கையாளர்களிலேயே சிலருக்குப் பேக்கப்பும் அதே இடத்தில் இருந்து சேர்ந்து எரிந்துபோனது. அவ்வளவு பெரிய கம்பெனியிலேயே இந்தக் கதி. அதனால் வேறு ஊரில் ஒரு பிரதி இருக்கிறதா, எத்தனை நாள் பழைய பிரதி வரை கிடைக்கும் என்று கேட்டு, பதிலை மெயிலில் எழுதி வாங்குங்கள். 'ரெய்டு இருக்கு சார்' (ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கில் சேர்த்தே எழுதும் ஏற்பாடு) என்பது இதற்குப் பதில் ஆகாது. ஒரு டிஸ்க் பழுதானால் ரெய்டு காப்பாற்றும், நீங்களே கைதவறி அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும்.

உடைத்துப் பார்ப்பது என்றேனே, அது இதுதான். ஒரு மாதத் திட்டம் மட்டும் வாங்குங்கள். ஒரு வேர்ட்பிரஸ் (வெப்சைட் கட்டும் சாஃப்ட்வேர்) போட்டு, பத்துப் பதினைந்து கொலுசுப் படம், எடை, டிசைன் நம்பர் எல்லாம் ஏற்றி நாலைந்து நாள் விட்டுவிடுங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, படங்கள் இருக்கும் ஃபோல்டரையும் டேட்டாபேஸில் (சைட்டின் தகவல்கள் சேமிக்கப்படும் இடம்) ஒரு டேபிளையும் வேண்டுமென்றே அழித்துவிட்டு, 'நேற்றைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்' என்று டிக்கெட் (உதவிக் கோரிக்கை) போடுங்கள். முதல் பதில் மனிதரிடமிருந்து வர எவ்வளவு நேரம் ஆகிறது, அவர் உங்கள் கேள்வியைப் படித்தாரா அல்லது ஏதோ ஒரு உதவிப் பக்கத்தின் லிங்க்கை ஒட்டிவிட்டுப் போனாரா என்று கவனியுங்கள். படம் மட்டும் திரும்பி வந்து டேபிள் வராமல் இருக்கும், பாருங்கள், அது நிறைய இடத்தில் நடக்கும். சில இடங்களில் முழுக் கணக்கையும் ஒட்டுமொத்தமாகப் பழைய நிலைக்குத் தள்ளத்தான் முடியும், அழிந்ததை மட்டும் தனியாக எடுக்க முடியாது. உண்மையான கடையாக இருந்தால் இன்று காலையிலிருந்து வந்த ஆர்டர் அத்தனையும் அதில் காணாமல் போகும். ரீஸ்டோர் ஒன்றுக்கு இவ்வளவு என்று பில் போடுகிற இடமும் உண்டு. இதையெல்லாம் ஒரு மாதச் சந்தாவில் தெரிந்துகொள்வது லாபம்தான்.

அவர்கள் என்னதான் எடுத்தாலும் நீங்களும் வாரம் ஒருமுறை ஒரு பிரதியை இறக்கி வெளி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், வைத்ததும் வயரைக் கழற்றிவிடுங்கள். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் செருகியிருக்கிற டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் விற்பவர் பெரிதாகப் பேசுவது எஸ்எஸ்எல், அதாவது சைட்டுக்குப் போய்வரும் தகவலை யாரும் நடுவில் படிக்காமல் காக்கும் சான்றிதழ். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது, அதிகபட்சம் 90 நாளில் முடிந்துவிடும் என்பதால் தானாகப் புதுப்பித்துக்கொள்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. சாதாரணக் கடை சைட்டுக்கு இதற்குத் தனியாக ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். கன்ட்ரோல் பேனலுக்கு (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம்) ஓடிபி அல்லது ஆதென்டிகேட்டர் ஆப் இல்லாத இடம் வேண்டவே வேண்டாம். விபிஎஸ் என்றால் எஸ்எஸ்ஹெச்சுக்கு (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) பாஸ்வேர்டை நிறுத்திவிட்டு கீ (சாவி ஃபைல்) மட்டும் வைக்கச் சொல்லுங்கள்.

ஆனால் நம்ம பக்கத்தில் நிஜமான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஹோம்ஸ்டேக்காரர்கள் முன்பதிவிலேயே ஆதார் படம் கேட்கிறார்கள். அது சர்வரில் ஒரு அப்லோட் ஃபோல்டரில் போய் விழுகிறது, அந்த ஃபோல்டருக்குப் பூட்டு இல்லை. உங்கள் சைட்டிலேயே ஒரு படத்தின் முகவரியை எடுத்து, கடைசியில் இருக்கும் ஃபைல் பெயரை மட்டும் அழித்துவிட்டு பிரௌசரில் என்டர் தட்டிப் பாருங்கள். ஃபைல்கள் வரிசையாகப் பட்டியல் போட்டு வந்தால், உங்கள் விருந்தாளிகளின் ஆதார் ஊருக்கே திறந்து கிடக்கலாம். அதே நாளில் அடைக்கச் சொல்லுங்கள், பழைய படங்களை அழித்துவிடுங்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு செய்யாததற்கு அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். நாலு ரூம் ஹோம்ஸ்டேக்கு அவ்வளவு போட மாட்டார்கள்தான், ஆனால் சின்னவர் என்று சட்டம் விட்டுவிடவும் இல்லை. கார்டு எண்ணை எந்தக் காரணத்துக்கும் உங்கள் சர்வரில் வைக்காதீர்கள், 2022 அக்டோபர் 1 முதல் கடைக்காரர்கள் அதைச் சேமிக்கவே கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பேமென்ட் கேட்வே பக்கத்துக்கு அனுப்பிவிட்டால் அந்தத் தலைவலி உங்களுடையது அல்ல. சைபர் தாக்குதல் நடந்தால் தெரிய வந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு வந்தது. உங்கள் ஹோஸ்டிங்காரர் அப்படி ஏதாவது நடந்தால் உங்களுக்கு உடனே சொல்வாரா, 180 நாள் லாக் (சர்வரில் நடந்தவற்றின் பதிவு) வைத்திருக்கிறாரா என்பதையும் கேட்டுவையுங்கள்.

மெயிலை வெப் ஹோஸ்டிங்கோடு சேர்க்காதீர்கள். ஷேர்டு சர்வரில் வேறு ஒருவன் ஸ்பேம் அனுப்பினாலும் ஐபி (சர்வரின் இணைய முகவரி எண்) எல்லோருக்கும் பொது என்பதால் உங்கள் கொட்டேஷனும் வாடிக்கையாளரின் ஸ்பேமில் போய் விழும். ஜோஹோ மெயிலோ கூகுள் வொர்க்ஸ்பேஸோ தனியாக வாங்கி, எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (மெயில் நிஜமாகவே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் பதிவுகள்) மூன்றையும் போடச் சொல்லுங்கள்.

கடைக்குள்ளேயே சர்வர் வைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: கணக்கு சாஃப்ட்வேருக்கு மட்டும், கடைக்குள் மட்டும் என்றால் தாராளமாக வையுங்கள். வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் (வேறு இடத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் வசதி) 3389 போர்ட்டை, அதாவது அதன் வாசலை, திறந்துவிடுகிற பழக்கம்தான் ஆபத்து. உலகம் முழுக்க அந்த போர்ட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். விபிஎன் (இணையத்துக்குள் ஒரு பாதுகாப்பான தனி வழி) வழியாக மட்டும் உள்ளே வரும்படி செய்யுங்கள். வெப்சைட்டைக் கடையில் வைக்காதீர்கள், அதுவும் ஏற்காட்டில் வேண்டவே வேண்டாம். மழையில் மரம் சாய்ந்து லைன் போனால் யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும்?

இனி விலை. முதல் வருட விலை வேறு, புதுப்பிக்கும் விலை வேறு, இரண்டு மூன்று மடங்குகூட ஏறும். அதைப் பார்த்து மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள், உடைத்துப் பார்க்காமல் கட்டாதீர்கள். விலைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் பில்லில் ஏற்றச் சொன்னால் உள்ளீட்டு வரியில் கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக் கம்பெனியென்றால் கார்டில் தானாகப் பணம் எடுப்பது நம்ம வங்கி விதிகளில் அடிக்கடி சிக்கிக்கொள்ளும், 15,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். ஆட்டோ ரினியூ போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்காமல், காலாவதி தேதியைக் கடை காலண்டரில் எழுதி மாட்டுங்கள்.

பழைய இடத்திலிருந்து மாறுவதாக இருந்தால் சீசனில் மாறாதீர்கள்: ஏற்காட்டுக்காரர் ஏப்ரல், மே மாதங்களில், சேலைக்காரர் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதத்தில் கை வைக்க வேண்டாம். மாற்றுவதற்கு முந்தைய நாளே டிஎன்எஸ்ஸில் டிடிஎல்லை (பழைய பதிவை மற்ற கம்ப்யூட்டர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 வினாடிக்குக் குறைத்துவிடுங்கள். புது இடத்தில் ஒரு ஆர்டரை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்புங்கள். பழைய கணக்கை அன்றைக்கே மூட வேண்டாம், ஒரு மாதம் கிடக்கட்டும். யாரும் நினைக்காத ஒரு படமோ, பழைய ஃபார்மில் வந்த விசாரணையோ அங்கே மிச்சமிருக்கும்.