கண்மாய்க்கு ஒரு கணக்கு நோட்டு

2014 தை மாதம். நெல் பால் பிடிக்கிற நேரம். கண்மாயில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. "பாதிக் கண்மாய் கிடக்கே, அறுப்பு வரைக்கும் வரும்" என்று எல்லாரும் சொன்னோம், நானும் சொன்னேன். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாய்கிற நிலம், 120 ஏக்கர். அத்தனைக்கும் மடையைத் திறந்துவிட்டோம். இரண்டு வாரத்தில் மடைக்குக் கீழே போய்விட்டது தண்ணீர். கடைமடை வயல்களில் அறுத்ததில் பாதிக்கு மேல் பதர்.

எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரிப் பக்கம். ஆற்றுப் பாசனம் கிடையாது, வானம் பார்த்த கண்மாய். அந்த வருடம் பட்ட பிறகுதான் நோட்டுப் போட ஆரம்பித்தேன். ஒவ்வொரு ஊரும் இதைச் செய்ய முடியும். 1,000 ரூபாய்கூட ஆகாது.

முதலில் மழை. என் மாமியார் வாசலில் கிடக்கும் உரலைப் பார்த்து "அரை உரல் மழை" என்பார். பஞ்சாங்கம் மரக்கால் கணக்கில் சொல்லும். நமக்கு மில்லிமீட்டர் வேண்டும், ஏனென்றால் அதை வைத்துத்தான் லிட்டருக்குப் போக முடியும்: ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். நான்கு அங்குல பி.வி.சி. குழாயில் ஒன்றரை அடி வெட்டி, அடியில் மூடி ஒட்டுங்கள். குழாய் வாயின் உள் குறுக்களவை அளவுகோல் வைத்து அளந்துகொள்ளுங்கள். என்னுடையது 10.4 செ.மீ. அதை அதாலேயே பெருக்கி, 0.785-ஆல் பெருக்கினால் வாயின் பரப்பு 85 சதுர செ.மீ. அப்படியென்றால் 1 மி.மீ. மழைக்கு 8.5 மில்லி தண்ணீர் சேரும். மருந்துக்கடையில் கிடைக்கிற பெரிய ஊசிக்குழலால் உறிஞ்சி அளந்து, 8.5-ஆல் வகுத்துவிடுவேன். குழாய்க்குள் அளவுகோலை விட்டுப் பார்த்தால் சின்னத் தூறல் கணக்கில் வராது. அதனால்தான் ஊசிக்குழல்.

குழாயின் வாய் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், மட்டமாக இருக்கட்டும். வீடோ மரமோ 20 அடி உயரம் என்றால் குழாய் 40 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். காலை 8.30-க்கு அளந்து அன்றைய தேதியில் எழுதுங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் எடுக்கிறது, பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மழை இல்லாத நாளில் 0 என்று எழுதுவது முக்கியம். காலியாக விட்டால் பெய்யவில்லையா, பார்க்கவில்லையா என்று பிறகு தெரியாது.

அடுத்து கண்மாய்க் கோல். மடைக்கல்லில் சிவப்புப் பெயின்டால் 5 செ.மீ.க்கு ஒரு கோடு. கண்மாயின் ஆகப் பள்ளமான இடம்தான் 0. கொத்தனார் வைத்திருக்கிற டியூப் மட்டத்தைப் பிடித்து அந்த மட்டத்திலிருந்து கல்லுக்கு ஏற்றிக்கொள்ளலாம். எங்கள் மடையின் அடி 0.5 மீட்டரில். கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிந்தோடுகிற கலிங்கு 2 மீட்டரில்.

இனிச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கண்மாய் தொட்டி இல்லை, தட்டு. கரைப் பக்கம் ஆழம், தண்ணீர் வந்து சேர்கிற உள்வாய்ப் பக்கம் போகப்போக மேடு. ஆகையால் ஒவ்வொரு மட்டத்திலும் தண்ணீர் எவ்வளவு பரப்பில் நிற்கிறது என்று அளக்க வேண்டும். தண்ணீர் வடிய வடிய, அரை மீட்டருக்கு ஒரு தடவை, பரப்பளவு காட்டும் செயலியைச் செல்போனில் போட்டுக்கொண்டு தண்ணீர் விளிம்பை ஒட்டியே சுற்றி நடந்தோம். நானும், மடை திறந்து தண்ணீர் பங்கிட்டு விடுகிற நீர்க்கட்டி அண்ணனும். உள்வாயில் சேறு முழங்கால் வரை இழுக்கும். மொத்தம் நான்கு நடை. 2 மீட்டரில் 40 ஹெக்டேர், 1.5-இல் 28, 1 மீட்டரில் 15, அரை மீட்டரில் 6.

பக்கத்துப் பக்கத்து இரண்டு பரப்புகளின் சராசரியை அரை மீட்டரால் பெருக்கினால் அந்த அடுக்கில் உள்ள தண்ணீர் வரும். மேலடுக்கு (40+28) ÷ 2 × 0.5, அதாவது 17 ஹெக்டேர்-மீட்டர். ஒரு ஹெக்டேர்-மீட்டர் 10,000 கனமீட்டர். இப்படியே கீழே வந்து கூட்டினால் நிறைந்த கண்மாய் 3,45,000 கனமீட்டர். 1 மீட்டரில் நிற்பது 67,500 தான். பாதி உயரம், ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். அந்த எண்ணை நோட்டில் எழுதியபோது 2014-இன் பதர் நெல் கண்முன் வந்து, கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன்.

இன்னும் கழிக்க வேண்டியது இருக்கிறது. மடைக்குக் கீழே உள்ள 15,000 கனமீட்டர் பாயாது, அது ஆடு மாட்டுக்கு. தை, மாசி வெயிலில் நாளைக்கு 4.5 மி.மீ. ஆவியாகப் போனாலும் 30 நாளில் கிட்டத்தட்ட 15,000. மிச்சம் 37,500. வாய்க்கால் குடிக்கிற மூன்றில் ஒரு பங்கு போக வயலுக்கு 25,000. நெல்லுக்கு நாளைக்கு 8 மி.மீ. வைத்தால் ஒரு ஹெக்டேருக்கு மாதம் 2,400 கனமீட்டர். ஆக 10 ஹெக்டேர், 25 ஏக்கர். நாங்கள் அன்று திறந்துவிட்டது 120 ஏக்கருக்கு.

மழைக் குழாயையும் கோலையும் சேர்த்துப் பார்த்தால் வரத்துக் கணக்கு கிடைக்கும். எங்கள் கண்மாய்க்கு நீர் வருகிற நிலம் ஏறக்குறைய 300 ஹெக்டேர். 60 மி.மீ. மழை என்றால் அதன்மேல் விழுவது 1,80,000 கனமீட்டர். புரட்டாசியில் அந்த 60 பெய்தபோது கோல் அசையவில்லை, காய்ந்த மண்ணே குடித்துவிட்டது. கார்த்திகையில் அதே 60-க்கு அரை மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு ஏறியது. 52,500 கனமீட்டர், நூற்றுக்கு 29. மறு வருடம் கார்த்திகையில் நல்ல மழைக்கும் நூற்றுக்கு 12 தான் வந்தது. எங்கேயோ தடை என்று வரத்துக்காலோடு நடந்தோம். ஒரு இடத்தில் கால்வாயை மண்போட்டு மறித்து வயலோடு சேர்த்திருந்தார்கள். அதற்குமேல் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தது. சும்மா போய்ப் பேசியிருந்தால் சண்டையாகியிருக்கும். நோட்டை விரித்துக் காட்டினோம், அந்த வாரமே மறித்த மண்ணை வெட்டிவிட்டார்கள்.

கிணறு. கரைக்குக் கீழே ஒன்று, ஆயக்கட்டின் கடைசியில் ஒன்று, கண்மாய்க்கு மேலே ஒன்று. இந்த மூன்று போதும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் வருடத்துக்கு நான்கு முறை அளக்கிறது, நாங்கள் மாதம் இரண்டு முறை, 1-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும். மோட்டார் போடுவதற்கு முன் விடியலில் போங்கள். மோட்டார் ஓடிய கிணறு உண்மையான மட்டத்தைக் காட்டாது. எஃகு நாடாவின் நுனியில் ஒரு கனத்தைக் கட்டி, கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்பீஸ் தேய்த்து, எப்போதும் கைப்பிடிச்சுவரின் ஒரே குறியிலிருந்து இறக்குங்கள். குறியில் சரியாக 9 மீட்டர் வந்ததும் நிறுத்தித் தூக்குங்கள். சாக்பீஸ் 62 செ.மீ. வரை நனைந்திருந்தால் தண்ணீர் 8.38 மீட்டரில் இருக்கிறது.

எங்கள் பக்கம் பாறை நிலம். வெடிப்பிலும் சிதைந்த பாறையிலும் தண்ணீர் தங்க இடம் நூற்றுக்கு 2 பங்கு இருந்தாலே பெரிது. கிணறு 1 மீட்டர் ஏறியது என்றால் பூமிக்குள் 20 மி.மீ. இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். 10 ஏக்கர் அடியில் 1 மீட்டர் நீர் என்பது 8 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கர் நெல்லுக்கு நாளைக்கு 32,000 லிட்டர் என்றால் 25 நாள் பாய்ச்சல். கிணறு மளமளவென்று ஏறுவதைப் பார்த்துக் கரும்பு வைக்கத் துணிகிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. ஐப்பசி கடைசியில் நோட்டில் மழையைக் கூட்டினோம், முந்தைய இரண்டு வருடப் பக்கங்களோடு வைத்துப் பார்த்தோம், கோலையும் பார்த்தோம். ஊர்க்கூட்டத்தில் நெல் வேண்டாம் என்று முடிவானது. ஈரம் இருந்த வயல்களில் மட்டும் உளுந்து தெளித்தோம். பெரிய விளைச்சல் இல்லை. ஆனால் நாற்றுக்கும் உரத்துக்கும் யாரும் கடன் வாங்கவில்லை.

கோடையில் கண்மாய் வற்றியதும் ஒரு வேலை பாக்கி இருக்கும். வண்டல் படிந்தாலும், வண்டி வண்டியாக அள்ளினாலும், தட்டின் வடிவம் மாறும். அதனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை அந்த நான்கு நடையையும் திரும்ப நடக்க வேண்டும். மடைக்கல்லில் உதிர்ந்த பெயின்டையும் அப்போதே பூசிவிடுங்கள். ஆடி தாண்டினால் எந்த நேரமும் மழை வரும்.